படம் எடுப்பவர் படிக்க: சொண்டாக்கா, பார்த்ஸா?

படம் எடுப்பதைப் பற்றிய புத்தகங்களில் இரண்டை இந்த வருடம் மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஒன்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக் எழுதிய 'ஆன் ஃபோட்டோகிராஃபி', 1977இல் வந்தது. இன்னொன்று பிரெஞ்சு விமர்சகர் ரோலண்ட் பார்த்ஸ் எழுதிய 'கேமரா லூசிடா', பிரெஞ்சில் 1980இல் வந்தது. பினாங்கில் புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் "அண்ணே, எதைப் படிக்கலாம்?" என்று கேட்டால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்லத் தோன்றுகிறது. லென்ஸைப் பற்றியோ வெளிச்சத்தைப் பற்றியோ இரண்டிலும் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. எழுதிய இருவரும் கேமராக்காரர்களும் இல்லை. தனக்குப் படம் எடுக்கும் பொறுமை கிடையாது என்று பார்த்ஸ் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். ஆனாலும் யாரை, எதற்காக எடுக்கிறோம் என்ற கேள்விக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்த வேறு புத்தகங்களை நான் படித்ததில்லை.

சொண்டாக்கின் புத்தகத்தில் ஆறு கட்டுரைகள், கடைசியில் ஒரு மேற்கோள் தொகுப்பு. ஒரு படம்கூடக் கிடையாது. ஒருவரைப் படம் எடுப்பது அவரைச் சொந்தமாக்கிக்கொள்வது, அதில் ஒரு வன்முறை இருக்கிறது என்பது அவர் வாதம். கேமராவைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பேசுகிறார். புது ஊருக்குப் போகிறவர் அங்கே என்ன செய்வதென்று தெரியாத தவிப்பை மறைக்கவே படம் எடுக்கிறார் என்கிறார்: நில், எடு, அடுத்த இடத்துக்கு நகர். பினாங்கின் ஜோர்ஜ்டவுன்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆர்மேனியன் ஸ்திரீட்டில் எர்னஸ்ட் ஸகரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே போதும்.

சரி, சுவருக்கு வலிக்காது. தைப்பூசத்தில்தான் சொண்டாக் நம்மைப் பிடித்து நிறுத்துகிறார். அலகு குத்தும் நேரம். பக்தர் கண்ணை மூடி நிற்கிறார், கன்னத்தில் விபூதி, அக்காவோ அம்மாவோ தோளைப் பிடித்துக்கொண்டு "வேல் வேல்" என்கிறார்கள். சுற்றியிருக்கும் பிள்ளைகளும் கூடவே சொல்கிறார்கள். அதற்குள் நாலைந்து லென்ஸ்கள் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. அப்படி எடுத்த படத்தில் முழு முகம் இருக்காது. கன்னமும் கம்பியும் மட்டும் இருக்கும். அவர் எதற்காக நேர்ந்துகொண்டார், எத்தனை நாள் விரதம் இருந்தார், தோளைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதெல்லாம் படத்தின் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். அமெரிக்கக் கேமராக்காரர் டயான் ஆர்பஸின் படங்களைப் பற்றி எழுதும்போது, மனிதர்களை விசித்திரப் பிறவிகளாக நிறுத்தி, பார்ப்பவருக்கு இரக்கம் எழாமல் செய்கின்றன என்று சொண்டாக் குற்றம் சாட்டுகிறார். ஆர்பஸ் விஷயத்தில் அது முழு நியாயம் என்று நான் நினைக்கவில்லை. தைப்பூசக் காவடிகள் போகும் தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் எடுக்கப்படும் பல படங்களுக்கு, நம்மவர்கள் எடுப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அது அப்படியே பொருந்துகிறது. இப்போதெல்லாம் நான் அந்த அக்காவின் தோளுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். கன்னம் சின்னதாகத்தான் விழும். கை விழும், வாய் திறந்து பாடும் பிள்ளைகள் விழுவார்கள்.

ஆனால் சொண்டாக்கின் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. படத்தில் இருப்பவரே படத்தைக் கேட்டு வாங்குவதை அவர் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை. காவடி எடுக்கும் குடும்பமே கூப்பிட்டு, "நல்லா எடுங்க அண்ணே, ஊர்ல இருக்கிற பாட்டிக்கு அனுப்பணும்" என்று சொல்லும். அந்தப் படத்தில் யார் யாரைச் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள்? குடும்பப் படங்களைப் பற்றி அவரும் பேசுகிறார். சிதறிப்போன குடும்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வழி என்று சொல்லிவிட்டுக் கடந்துபோய்விடுகிறார்.

அந்த இடத்திலிருந்துதான் பார்த்ஸ் தொடங்குகிறார். சொண்டாக்கின் புத்தகம் வந்த அதே 1977இல் பார்த்ஸின் அம்மா இறந்துபோனார். பழைய படங்களைப் புரட்டி அம்மாவைத் தேடுகிறார். எதிலும் அவர் இல்லை. கடைசியில் 1898இல் எடுத்த ஒரு படத்தில், கண்ணாடிக் கூரையுள்ள தோட்டத்தில் அண்ணனோடு நிற்கும் ஐந்து வயதுச் சிறுமியிடம் அம்மாவைக் கண்டுபிடிக்கிறார். அந்தப் படத்தை மட்டும் புத்தகத்தில் அச்சிட மறுக்கிறார். அது தனக்கு மட்டுமே, மற்றவர்களுக்கு அது ஒரு சாதாரணப் பழைய படம் என்கிறார்.

எல்லோருக்கும் பொதுவாகப் புரிகிற விஷயத்தை 'ஸ்டூடியம்' என்றும், ஒருவரை மட்டும் வந்து தைக்கிற சிறு விவரத்தை 'பங்க்டம்' என்றும் பார்த்ஸ் பிரிக்கிறார். இதை வகுப்புகளில் சூத்திரமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். புத்தகத்தில் அது சூத்திரமாக இல்லை. ஜேம்ஸ் வான் டெர் ஸீ 1926இல் எடுத்த ஒரு கறுப்பினக் குடும்பப் படத்தில், நின்றுகொண்டிருக்கும் பெண்ணின் வார் வைத்த செருப்பு தன்னைத் தொட்டதாக முதலில் எழுதுகிறார். சில பக்கங்கள் கழித்து, இல்லை, கழுத்தில் இருக்கும் மெல்லிய தங்கச் சங்கிலிதான் என்கிறார். கல்யாணமே செய்துகொள்ளாமல் தன் தாயோடு வாழ்ந்து முடித்த அவருடைய அத்தை அப்படி ஒன்றை அணிந்திருந்தார். படத்தை உற்றுப் பாருங்கள்: கழுத்தில் இருப்பது முத்துமாலை. தங்கச் சங்கிலி எங்குமே இல்லை. அத்தையின் சங்கிலி அவர் நினைவிலிருந்து படத்துக்குள் வந்துவிட்டது.

கல்யாண வேலை செய்பவர் இந்த ஒரு பகுதிக்காகவே பார்த்ஸைப் படிக்கலாம். தாலி கட்டும் படம் ஒன்று. நான் நீக்க இருந்தது. ஓரத்தில் மஞ்சள் அரிசித் தட்டை நீட்டும் பெரியப்பாவின் கை மட்டும், மடித்துவிட்ட சட்டையோடு, குறுக்கே விழுந்திருந்தது. அந்த வீட்டார் அதைத்தான் பெரிதாகக் கழுவித் தரச் சொன்னார்கள். பெரியப்பா அதற்குள் காலமாகியிருந்தார். அந்தக் கையை எந்தக் கேமராக்காரரும் திட்டமிட்டு வைக்க முடியாது. எடிட்டிங் மேசையில் அவசரப்பட்டு வெட்டாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

கேமரா முன்னால் நிற்பவரின் அவஸ்தையையும் பார்த்ஸ் நன்றாகச் சொல்கிறார். நான் யார் என்று நான் நினைப்பது, பிறர் என்னை யாராக நினைக்க வேண்டும் என்று நான் விரும்புவது, படம் எடுப்பவர் என்னை யாராக நினைப்பது, தன் திறமையைக் காட்ட அவர் என்னை யாராகப் பயன்படுத்துவது: நாலு பேரும் ஒரே முகத்தில் வந்து நிற்கிறார்கள். மணமகளுக்கு "சிரிங்க" என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

வண்ணத்தில் மட்டும் பார்த்ஸோடு எனக்கு ஒட்டவே ஒட்டாது. வண்ணம் பிணத்துக்குப் பூசும் ஒப்பனை மாதிரி, பிறகு சேர்த்த பூச்சு என்கிறார். தைப்பூச வெள்ளி ரதம் வரும் நாளில் பினாங்கு ஸ்திரீட்டில் மஞ்சள் வேட்டியும், உடைந்த தேங்காய்களின் வெள்ளையும், ஈரமான தார் ரோடும் சேர்ந்து இருப்பதைப் பார்த்தவர் இதை ஏற்கமாட்டார். மஞ்சளை எடுத்துவிட்டால் அங்கே விரதமே தெரியாது. இத்தனைக்கும் அந்தப் பிரெஞ்சுப் பதிப்பின் தொடக்கத்திலேயே டேனியல் புதினேயின் வண்ணப் போலராய்ட் ஒன்று இருக்கிறது.

இருவரும் பகைவர்கள் இல்லை. பார்த்ஸ் தன் புத்தகத்தில் சொண்டாக்கை எடுத்தாள்கிறார். பார்த்ஸ் இறந்த பிறகு அவருடைய எழுத்துகளின் தொகுப்பு ஒன்றை 1982இல் சொண்டாக் பதிப்பித்தார். கலை விமர்சகர் ஜான் பெர்ஜரின் 'வேஸ் ஆஃப் ஸீயிங்'கைப் பலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். நல்ல புத்தகம்தான், ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் ஓவியத்தில்.

என்னிடம் கேட்டால், வெளியே போய் எடுக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொண்டாக், அதுவும் தைப்பூசத்துக்கு முன்னால். கல்யாணம், காதணி விழா, வீட்டுப் படங்கள் எடுப்பவர்களுக்கு நேராகப் பார்த்ஸ். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் பார்த்ஸை வைத்துக்கொள்வேன், வண்ணத்தில் அவர் சொன்னதையும் மீறி. சொண்டாக்கை முடித்தவர்கள் 2003இல் அவர் எழுதிய 'ரிகார்டிங் தி பெயின் ஆஃப் அதர்ஸ்' வரை போக வேண்டும். திரும்பத் திரும்பப் பார்க்கும் கொடூரப் படங்கள் மனதை மரக்கச் செய்கின்றன என்ற தன் பழைய வாதத்தை அதில் அவரே கேள்வி கேட்கிறார்.

படமே இல்லாததால் சொண்டாக்கை பட்டர்வொர்த் ஃபெரியில் ஃபோனிலேயே படித்துவிடலாம். பார்த்ஸை அச்சில் வாங்குங்கள், அந்தக் கழுத்து மாலை ஃபோன் திரையில் சரியாகத் தெரியாது. சௌராஸ்தா சந்தை மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளிலும் கேட்டு வையுங்கள்.