பட்டாளத்துக்காரர் என்றதும் நம்பினேன், 38,400 ரூபாய் போயிற்று

நேற்று முன்தினம் மாலை நான்கு மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில் 38,400 ரூபாயைப் பறிகொடுத்தேன். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. பழைய பொருள்களை வாங்கி விற்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் நடந்தது. எந்தச் செயலி என்று கேட்காதீர்கள். விசாரித்துப் பார்த்தால் இந்த வகைச் செயலி எதுவும் இதற்கு விலக்கில்லை போலிருக்கிறது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

மகள் கல்லூரிக்குப் போக ஒரு ஸ்கூட்டர் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டு வருடம் ஓடிய வண்டி, 22,000 ரூபாய் என்று விளம்பரம். வெளியே அதே வண்டி ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. விளம்பரத்தின் கீழே ஒரு வரி இருந்தது: ‘ராணுவத்தில் பணி, ஜம்முவுக்கு மாற்றல், அவசர விற்பனை.’ சந்தேகம் அந்த வரியில் அடங்கிவிட்டது.

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வெள்ளை பெயின்ட்டில் பெயரும் நம்பரும் எழுதிய அவருடைய கறுப்பு இரும்புப் பெட்டி இன்றைக்கும் எங்கள் பரண் மேல் இருக்கிறது. வேலூர்ப் பக்கத்து ஆள்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுகிற மாவட்டம் இது. பட்டாளத்துக்காரர் என்றால் திண்ணையில் இடம் தானாகக் கிடைக்கும். மாற்றல் ஆணை வந்தால் கட்டில், சைக்கிள், தையல் மெஷின் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்புவதைச் சின்ன வயதில் குவார்ட்டர்ஸில் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் 22,000 என்பது எனக்கு மலிவாகத் தெரியவில்லை, நியாயமாகத் தெரிந்தது.

பேசினேன். ‘ஜெய் ஹிந்த் சார்’ என்றுதான் எடுத்தான். பரங்கிமலையில் இருக்கிறேன் என்றான். முழுக்க இந்தி. கேந்திரிய வித்யாலயாவில் படித்த இந்தியை இத்தனை வருடம் கழித்துப் பேசக் கிடைத்ததில் எனக்கு ஒரு சின்னப் பெருமை வேறு. அப்பா எந்த ரெஜிமென்ட் என்பதை நானாகவே சொன்னேன். எதிர்முனையில் ஒரு நொடி அமைதி. பிறகு, ‘அப்படியென்றால் நீங்கள் என் அண்ணன் மாதிரி’ என்றான். கேட்காமலே அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, வண்டிப் பக்கத்தில் சீருடையோடு நிற்கும் படம் மூன்றையும் அனுப்பினான். நான் ஏமாந்த இடம் அதுதான். பணம் அனுப்பியது அதற்குப் பிறகு நடந்த எழுத்து வேலை, அவ்வளவே.

நேரில் வந்து வண்டியைப் பார்க்கிறேன் என்றேன். முகாமுக்குள் வெளியாள்களை விட மாட்டார்கள் சார், ராணுவப் பார்சல் வண்டியில் உங்கள் வீட்டு வாசலுக்கே வரும் என்றான். போக்குவரத்துக்கு 3,150. அனுப்பியதும் பச்சை நிறத்தில் ஒரு ரசீது வந்தது, குறுக்கு வாள் முத்திரையோடு. பிறகு, கேட் பாஸ் போட முழு விலையும் ரசீதில் ஏற வேண்டுமாம், மீதி 18,850. பிறகு ஜி.பி.எஸ். டெபாசிட் 8,200, வண்டி வந்து சேர்ந்ததும் திரும்பி வரும். பத்து நிமிடம் கழித்து, பணம் கணக்கில் ஏறவில்லை, இன்னொரு முறை 8,200 அனுப்புங்கள், இரண்டும் சேர்ந்து திரும்பும் என்றான். அனுப்பினேன். ஆம், அதையும் அனுப்பினேன். கூட்டிப் பாருங்கள், 38,400.

ஐந்தாவது முறை 12,000 கேட்டபோதுதான் என் மனைவி கைப்பேசியைப் பிடுங்கினாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: “மாமா என்றைக்காவது அவர் ஐ.டி. கார்டை யாருக்காவது காட்டியிருக்கிறாரா?”

அப்பா காட்டியதில்லை. சட்டையின் உள்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பார். நான் கேட்டால்கூடக் கையில் தர மாட்டார்.

அன்றிரவு அப்பாவின் பழைய சகாவான மாமாவுக்குப் படங்களை அனுப்பினேன். சீருடைப் படத்தைப் பார்த்தவர், எப்போது எடுத்ததாகச் சொன்னான் என்று கேட்டார். இன்று காலை என்றேன். 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பிலேயே புதிய போர்ச் சீருடை வந்துவிட்டது, இவன் உடம்பில் இருப்பது அதற்கு முந்தைய டிசைன், அட்டையில் உள்ள முகமும் வண்டிப் பக்கத்தில் நிற்கும் முகமும் ஒன்றா என்று பெரிதாக்கிப் பார் என்றார். பார்த்தேன். காதே வேறு. அந்த அட்டை நிஜமான யாரோ ஒரு ஜவானுடையதாக இருந்தால் அந்த மனிதரை நினைத்துத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். எங்கோ பனியில் நிற்கிறவர் பெயரில் இன்னும் எத்தனை ஊர்களில் புகார் கிடக்கிறதோ.

இனி நான் அலைந்த கதை. செயலியின் உதவிப் பகுதியில் மனிதரே இல்லை. ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் முதன்மை’ என்று ஒரு இயந்திரப் பதில், நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் அதே வரி, ஒரு புள்ளி மாறவில்லை. வங்கிக்குப் போனேன். ரகசிய எண்ணை நீங்கள்தானே போட்டீர்கள் சார் என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார். காவல் நிலையத்தில், சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் பேசினீர்களா என்றார்கள். அப்படி ஓர் எண் இருப்பதே எனக்கு அங்கேதான் தெரியும். வாசலில் நின்றே பேசினேன். பணம் போய் இருபது மணி நேரம் ஆகிவிட்டதா, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை முடக்கியிருக்கலாம் என்றார்கள். உள்ளே ஒருவர் என் புகாரைப் படித்துவிட்டு, பட்டாளத்துக்காரர் பிள்ளையே இப்படி ஏமாந்தால் எப்படி என்று சிரித்தார். 38,400 ரூபாய் போனதைவிட அந்தச் சிரிப்புதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவருக்கு அங்கே சொல்ல முடியாத பதிலை இங்கே சொல்கிறேன். பட்டாளத்துக்காரர் பிள்ளை என்பதால்தான் ஏமாந்தேன். அப்பாவின் கடிதங்களில் முகவரி ‘56 ஏ.பி.ஓ.’ என்றுதான் இருக்கும், அது ராணுவத் தபால் நிலையத்தின் எண். எந்த ஊர், எந்த மலை என்று இருக்காது. எங்கே இருக்கிறீர்கள் என்று அம்மா ஒருநாளும் எழுதிக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று பழகிய வீடு எங்களுடையது. இந்தத் திருடர்கள் காவலர் வேடமோ டாக்டர் வேடமோ போடாமல் ஏன் இந்த வேடத்தைப் போடுகிறார்கள் என்று இரவெல்லாம் யோசித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். வண்டியைக் காட்ட முடியாதா? முகாம் விதி. விலை ஏன் குறைவு? மாற்றல். தமிழ் ஏன் தெரியவில்லை? வடக்கத்தி ஜவான். பணம் ஏன் முன்கூட்டியே? ராணுவ நடைமுறை. அவன் ஒவ்வொரு பொய்யையும் தனியாக யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. சீருடையே அவனுக்காகப் பதில் சொல்லிவிடுகிறது. மேற்கொண்டு கேட்டால் எல்லையில் நிற்பவரை அவமதித்தவர்கள் ஆகிவிடுவோமோ என்று நமக்கே கூச்சம்.

எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் இருந்தார். 1971 போரில் டாங்கி ஓட்டினேன் என்பார். ஒரு நாளும் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை என்று அப்பாவுக்குத் தெரியும். ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை. விடுடா, அவனுக்கு ஒரு டீயும் நாலு பேர் மரியாதையும் கிடைக்கிறது என்பார். அமெரிக்காவில் இப்படி ஒருவர், ஸேவியர் ஆல்வரெஸ், தண்ணீர் வாரியக் கூட்டத்தில் எழுந்து நாட்டின் மிக உயரிய வீரப் பதக்கம் வாங்கியவன் என்று சொல்லி மாட்டிக்கொண்டார். வெறும் பொய்யைத் தண்டிக்க முடியாது என்று 2012இல் அங்கே உச்ச நீதிமன்றம், பதக்கம் வாங்கியதாகப் பொய் சொல்வதைக் குற்றமாக்கிய சட்டத்தையே ரத்து செய்தது. அடுத்த ஆண்டே, பணமோ பலனோ அடைவதற்காகச் சொன்னால் குற்றம் என்று புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். டீக்கடையில் கதை சொன்னவரையும் என்னிடம் பேசியவனையும் பிரிக்கிற கோடு அதுதான். மரியாதைக்காகச் சொன்னவரை அப்பா மன்னித்தார். இவனை மன்னித்திருக்க மாட்டார்.

நம் ஊரில் படைவீரர் உடையோ சின்னமோ அணிந்து அப்படிக் காட்டிக்கொண்டால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தெரிந்த வக்கீல் சொன்னார். 38,400 எங்கே, 2,000 எங்கே! மோசடிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, ஏழு வருடம் வரை போகும் என்றும் சொன்னார். ஆளைப் பிடித்தால் அல்லவா.

நேற்று இரவு மகளின் எண்ணிலிருந்து அதே செயலியில் தேடினேன். அதே ஸ்கூட்டர், அதே படம், இப்போது கோயம்புத்தூர், சூலூர் விமானப்படைத் தளத்தில் பணியாம், விலை 24,000. வண்டி இருக்கிறதா என்று கேட்டேன். அரை நிமிடத்தில் பதில் வந்தது: ‘ஜெய் ஹிந்த் மேடம்.’

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு நேரமில்லை. கண்ணால் பார்க்காத வண்டிக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. போடச் சொன்னால் உங்கள் பணம் போகிறது என்று பொருள். கேட்காமலே அடையாள அட்டையை அனுப்புகிறவனோடு அந்த நிமிடமே பேச்சை நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் வங்கி, செயலி என்று அலையாமல் உடனே 1930. சைபர் பிரிவிலிருந்து அழைக்கிறார்கள், பாஸ்புக் நகலோடு பதினோரு மணிக்குள் வரச் சொல்லி. கிளம்புகிறேன்.