கார்டா, சென்சாரா? விடுதி அறையின் ஏசியை எதை நம்பி விடுவது

விடுதியைப் பசுமையாக்கப் போகிறோம் என்று முடிவெடுத்தவர்கள் எல்.இ.டி. விளக்கு போடுவார்கள், குழாய்களில் நீர்ச் சிக்கனத்துக்கு ஏற்பாடு செய்வார்கள், துண்டை மறுபடியும் பயன்படுத்தும்படி குளியலறையில் ஓர் அறிவிப்பு வைப்பார்கள். எல்லாம் செய்ய வேண்டியவைதான். அவற்றில் வாதிட ஒன்றும் இல்லை. வாதம் ஏசியில்தான் தொடங்குகிறது. விருந்தினர் காலையில் கிளம்பிப் போய்விடுகிறார், மாலைவரை ஆளில்லாத அறை குளிர்ந்துகொண்டே இருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது?

கதவருகே கார்டைச் செருகினால்தான் மின்சாரம் வரும் என்ற ஏற்பாடு ஒரு வழி. அறையில் ஆள் இருக்கிறாரா என்பதைத் தானே அறிந்து ஏசியைக் கட்டுப்படுத்தும் சென்சார் அமைப்பு இன்னொன்று. கலிபோர்னியாவின் கட்டட எரிசக்தி விதிகள் விடுதி அறை காலியானால் குறிப்பிட்ட நேரத்துக்குள் விளக்குகள் அணைந்தாக வேண்டும் என்கின்றன. அதைக் கார்டால் செய்தாலும் சரி, சென்சாரால் செய்தாலும் சரி. சட்டத்தின் கண்ணில் இரண்டும் சமம். அறைகளைப் பராமரிக்கிறவர்களின் கண்ணில் சமம் இல்லை. எங்கள் விடுதியைப் புதுப்பித்தபோது சென்சாரைத் தேர்ந்தெடுத்தோம். அதிலும் பேட்டரியில் ஓடுவது வேண்டாம், கம்பி வழி வருவதே வேண்டும் என்று பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் நான்தான் விடாப்பிடியாக நின்றேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்டின் பலம் அதன் எளிமை. ஒரு பெட்டி, உள்ளே ஒரு சுவிட்ச், பின்னால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஒரு ரிலே. கார்டை எடுத்தால் சில விநாடிகளில் மின்சாரம் நின்றுவிடும். கெட்டுப்போனால் எந்த மின்பணியாளரும் மாற்றிவிடலாம். அதன் பலவீனமும் எல்லோரும் அறிந்ததுதான். சாதாரணப் பெட்டிக்குள் எந்த அட்டையைச் செருகினாலும் வேலை செய்யும். விருந்தினர் தன் முகவரி அட்டையையோ பழைய பஸ் பாஸையோ செருகிவிட்டுப் போவார். கார்டுக்குள் உள்ள சில்லை ரேடியோ அலையால் படித்து அசல் கார்டை மட்டும் ஏற்கும் ஆர்.எஃப்.ஐ.டி. பெட்டி போட்டால், ரிசப்ஷனில் இரண்டாவது கார்டு கேட்டு வாங்கி அதைச் செருகிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் அலைந்து திரும்புகிறவருக்குக் குளிர்ந்த அறை வேண்டும், கைபேசி சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். ஏசியை முழுதாக அணைத்து, அறை வெந்துபோன பிறகு அவரை உள்ளே அனுப்பும் ஏற்பாடு அவருடைய தேவையோடு மோதுகிறது. மோதலில் அவரே ஜெயிக்கிறார். போதாக்குறைக்கு, கைபேசியாலேயே கதவைத் திறக்கும் முறை பரவி வருகிறது. கார்டே இல்லாதவர் எதைச் செருகுவார்?

சென்சார் அமைப்பு இந்த மோதலைத் தவிர்க்கிறது. பலர் நினைப்பதுபோல அது அசைவை மட்டும் பார்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால், போர்வைக்குள் தூங்குகிறவரைக் காணாமல் ஏசியை நிறுத்திவிடும். கதவில் ஒரு சென்சார், கூரையில் ஓர் அசைவுச் சென்சார், இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. கதவு திறந்து மூடிய பிறகு உள்ளே ஓர் அசைவு தெரிந்தால் ஆள் இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளும். அடுத்த முறை கதவு திறக்கும்வரை அந்தக் குறிப்பு மாறாது. கதவைத் திறக்காமல் யாரும் வெளியே போக முடியாது அல்லவா? கதவு மூடிய பிறகு கால் மணி நேரம் அசைவே இல்லை என்றால் அறை காலி. அப்போதும் ஏசி நிற்பதில்லை. 24 டிகிரியில் இருந்த இலக்கு 27க்கோ 28க்கோ ஏறுகிறது. விருந்தினர் திரும்பி வந்ததும் பழைய இலக்குக்கு இறங்குகிறது. அறை முழுதாகச் சூடேறாததால் சீக்கிரமே குளிர்ந்துவிடுகிறது. அதை ஏமாற்ற வேண்டிய அவசியம் விருந்தினருக்கு இல்லை.

ஓட்டைகள் உண்டு. இருவர் தங்கிய அறையில் ஒருவர் தூங்க, மற்றவர் வெளியே போனால், கதவு மூடியதும் கணக்கு மறுபடியும் தொடங்கும். தூங்குகிறவர் புரண்டு படுக்கும்வரை அறை காலி என்றே எண்ணப்படும். இரவு நேரத்தில் காத்திருப்பை நீட்டிவைத்து இதைச் சமாளிக்கிறோம். அதேபோல ஒருவர் வெளியே போகும்போது மற்றவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருந்தால் அவரையும் இந்த வகைச் சென்சார் காணாது. அது பார்ப்பது உடலின் அகச்சிவப்புக் கதிரை, அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. மூன்று டிகிரி ஏறுவதைக் குளிக்கிறவர் உணர்வதில்லை என்பதால் அதை விட்டுவிட்டோம். எரிந்துகொண்டிருக்கும் விளக்கு அணைந்தால் உடனே தெரியும், ஆகவே குளியலறை விளக்கை இந்த அமைப்போடு இணைக்கவில்லை.

வாங்குவதற்கு முன்னால் யாரும் பேசாத கேள்விக்கு வருகிறேன். பெட்டியைப் பிரித்து மாட்டிய பிறகு, இதை யார், எப்படி, எத்தனை ஆண்டு பராமரிப்பது?

விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் கொண்டுவருவது வயர்லெஸ் வகை. சுவரை உடைக்க வேண்டாம், ஒட்டினால் போதும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 அறைகள், அறைக்கு மூன்று கருவிகள்: கதவுச் சென்சார், அசைவுச் சென்சார், அறையின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். மொத்தம் 300 கருவிகள். ஒரு பேட்டரி இரண்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 150, வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று. பேட்டரியின் விலை பெரிதில்லை. ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் ஏணியோடு விருந்தினர் அறைக்குள் போக வேண்டும். அறை காலியாக இருக்கும் நேரம் பார்க்க வேண்டும். துப்புரவு முடித்த அறையில் கூரையிலிருந்து உதிர்ந்த தூசியைத் துடைக்க வேண்டும். எந்த அறையில் எது மாற்றப்பட்டது என்று எழுதிவைக்க வேண்டும். விடுதி நிரம்பி வழியும் பருவத்தில் இந்த வேலை தள்ளிப்போகும். தள்ளிப்போன அறைகளில் அமைப்பு செத்துக் கிடக்கும். செத்துவிட்டது என்பதே யாருக்கும் தெரியாது, ஏனென்றால் விருந்தினருக்கு ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மிச்சமாக வேண்டிய மின்சாரம் மட்டும் மிச்சமாகாது. தீர்ந்த பேட்டரிகளின் குவியல் வேறு. பசுமைக்காக வாங்கிய கருவி குப்பையைப் பெருக்கினால் நெஞ்சு பொறுக்கவில்லை.

கம்பி வழி அமைப்பில் இந்தக் கவலை இல்லை. பொய்க்கூரைக்கு மேலே ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி, அதற்கு நிலையான மின்சாரம், அதிலிருந்து இரண்டு சென்சாருக்கும் மெல்லிய கம்பிகள். முடிவெடுப்பது அந்தப் பெட்டியே. இணையம் போனாலும், சர்வர் நின்றாலும், அறை தன் பாட்டுக்கு ஓடும். கருவி வாங்குகிறவர்கள் இதை ஒரு நிபந்தனையாகவே எழுதிக் கேட்க வேண்டும். ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதத்தில் சேவையை நிறுத்திச் செயலற்றதாக்கியது. 2022 ஏப்ரலில் அதே வகைக் கருவிகளை விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. இவை வீட்டுக் கருவிகள்தான். ஆனால் அறைக்கு அறை அதே மாதிரி அமைப்பைப் பொருத்திய விடுதிக்கு அப்படி நேர்ந்தால், நல்ல நிலையில் உள்ள நூற்றுக்கணக்கான கருவிகளைக் கழற்றி எறிய வேண்டியிருக்கும்.

அதனால்தான் ஒரு கருவி எந்த நெறிமுறையில், அதாவது மற்றக் கருவிகளோடு எந்த மொழியில் பேசுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எந்த நிறுவனமும் பயன்படுத்தக்கூடிய இரண்டு பொது நெறிமுறைகள் உண்டு. மோட்பஸ் 1979இல் வந்தது. பேக்நெட் 1995இல் தரநிலையானது. இன்றைக்குத் தயாராகும் கருவிகளும் அவற்றைப் பேசுகின்றன. ஒரு நிறுவனம் கடையை மூடினால் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியை அதே கம்பியில் மாட்டலாம். சொந்த நெறிமுறையை மட்டும் பேசும் கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

கம்பி வகைக்கும் பராமரிப்பு உண்டு, மறைக்கவில்லை. அது வரும் இடம் கதவு. கதவுச் சென்சார் என்பது கதவின் நிலைச்சட்டத்தில் காந்தத்தை உணரும் ஒரு சிறு குழல், கதவின் மேல் விளிம்பில் ஒரு காந்தத் துண்டு. கதவு மூடினால் காந்தம் குழலுக்கு நேரே வரும். கனமான கதவு கீல் தளர்ந்து சற்றே தொங்கினால் காந்தம் விலகிவிடும். கதவு திறந்தே இருப்பதாக அமைப்பு நினைக்கும், ஆள் வந்துபோவதை அறியாது. பால்கனிக் கதவில் இதே சென்சார் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கதவு திறந்திருக்கிறது என்று ஏசியையே நிறுத்திவிடும், நள்ளிரவில் ரிசப்ஷனுக்குத் தொலைபேசி வரும். ஆனால் தீர்வு ஸ்க்ரூடிரைவர் அளவுதான். கீலை இறுக்குவது, காந்தத்தைக் கொஞ்சம் நகர்த்துவது. அடுத்த பருவத்துக்குமுன் ஒவ்வொரு கதவின் இடைவெளியையும் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு ஏசியை ஓடவிடுவதுதான் ஈரமான காற்றுள்ள ஊர்களில் மிகப் பெரிய வீணடிப்பு. அதைத் தடுக்கிற ஒரே காரணத்துக்காகவே இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஈரம் என்றதும் இன்னொன்று. ஏசியை நாள்கணக்கில் முழுதாக அணைத்துவைத்தால் திரைச்சீலையிலும் அலமாரிக்குள்ளும் பூஞ்சை பிடிக்கும். கார்டு முறையில் இதற்கு வழியே இல்லை. சென்சார் முறையில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் கவனித்து, அளவு மீறினால் காலி அறையிலும் சிறிது நேரம் ஓடும்படி வைக்கலாம். செக்-அவுட் ஆன அறை, முன்பதிவு ஆன அறை என்ற தகவலை முன்பதிவு மென்பொருளிலிருந்து எடுத்து இலக்கை மாற்றவும் முடியும்.

ரேடார் சென்சார் பற்றிக் கேட்பவர்களுக்கு: மூச்சுவிடும்போது மார்பு அசைவதையே கண்டுபிடிக்கும் மில்லிமீட்டர் அலைச் சென்சார்கள் வந்துவிட்டன. தூங்குகிறவர் சிக்கலை அவை தீர்க்கக்கூடும். ஒருசில அறைகளில் மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறோம். காற்றில் ஆடும் திரையையும், மெல்லிய தடுப்புக்கு அப்பால் நடப்பவரையும் ஆளாக எடுத்துக்கொண்டன. அளவுகளைச் சரிசெய்தால் தேறுமா என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. அறையைச் சூடாக்க வேண்டிய குளிர்நாட்டு விடுதிகள் பற்றியும் என்னால் சொல்ல முடியாது.

எவ்வளவு மிச்சமாகும் என்று விற்பனையாளர் சொல்லும் சதவீதத்தை அப்படியே ஏற்க வேண்டாம். ஒரே திசையைப் பார்த்த இரண்டு தளங்களுக்குத் தனி மீட்டர் போட்டு, ஒன்றில் மட்டும் அமைப்பைப் பொருத்தி, எத்தனை அறைகளில் ஆள் இருந்தார்கள் என்பதோடு சேர்த்து ஒப்பிடுங்கள். எங்களுக்கு வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் அது வெயில் காலத்து அளவு, ஆண்டு முழுமைக்கும் அதைப் பெருக்கிச் சொல்ல நான் தயாரில்லை.

புதுப்பிக்கும் திட்டமே இல்லாத, பொய்க்கூரையைத் திறக்க முடியாத விடுதிக்கு வயர்லெஸ்தான் வழி. அப்போது எங்கும் கிடைக்கும் சாதாரண பேட்டரி, பேட்டரி தீர்வதற்குமுன் தகவல் தரும் வசதி, இணையம் இல்லாமலே முடிவெடுக்கும் பெட்டி, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு அறைகளும் ஸ்ப்ளிட் ஏசியும் உள்ள சிறிய விடுதிக்குக் கார்டே போதும். அசல் கார்டை மட்டும் ஏற்கும் பெட்டியாகப் பாருங்கள், குளிர்பெட்டிக்கும் ஒரு சார்ஜ் பிளக்குக்கும் தனி இணைப்புக் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஏசியின் மின்சாரத்தைத் திடீரென்று துண்டிக்காமல், முதலில் அதை அணைக்கும் கட்டளையை அனுப்பும் ரிலேவாக இருக்கட்டும். ஓடும் கம்ப்ரஸரை நாள்தோறும் பட்டென்று நிறுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லதல்ல.