கல்ச்சர் சென்சிடிவிட்டி: டிஸ்க் போதுமா, எம்ஐசி வேண்டுமா?

கல்ச்சர் சென்சிடிவிட்டி என்பது கிருமியை வளர்த்து, எந்த ஆன்டிபயாடிக்குக்கு அது அடங்கும் என்று பார்ப்பது. டிஸ்க் டிஃப்யூஷனில், கிருமி பரப்பிய தட்டில் மருந்து வில்லையை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளப்போம்; எம்ஐசி என்பது கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் நாளுக்கு நாலைந்து யூரின் கல்ச்சர் வரும் லேபுக்கு டிஸ்க் டிஃப்யூஷனே சரி. செலவு குறைவு, டாக்டர் கேட்கிற மருந்தை அன்றன்றைக்கு மாற்றி வைக்கலாம், இரண்டு கிருமி கலந்திருந்தால் தட்டிலேயே தெரிந்துவிடும். தானாகச் சோதிக்கும் மெஷினின் கார்டில் அது தெரியாது, தனியாக ஒரு தட்டு போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க் முறை ஏமாற்றுவது பெரும்பாலும் நம் கையால்தான். முல்லர்-ஹின்டன் அகர் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) 4 மி.மீ. கனம் இருக்க வேண்டும், 90 மி.மீ. தட்டுக்கு அது 25 மி.லி. மிச்சம் பிடிக்க 20 மி.லி. ஊற்றினால் கனம் 3 மி.மீ.தான் தேறும். மருந்து கீழே இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் பரவும், வட்டம் பெருக்கும், எதிர்ப்புள்ள கிருமி 'எஸ்' (மருந்துக்கு அடங்கும்) என்று ரிப்போர்ட்டில் போய்விடும். கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலைவிடக் கலங்கலாக இருந்தால் நேர்மாறு, வட்டம் சுருங்கும்.

மதுரைக் கோடைக்கு இன்னொரு சிக்கல். சாதாரண இன்குபேட்டர் சூடாக்கும், குளிர்விக்காது. மொட்டைமாடிக்குக் கீழே ஏசி இல்லாத அறை 37 டிகிரியைத் தொட்டால் உள்ளே 35 நிற்காது. 35-ஐத் தாண்டினால் எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃப் ஆரியஸ்) கண்ணில் படாமல் தப்பிவிடலாம். சித்திரை, வைகாசிக்காவது குளிரூட்டும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் வேண்டும். கரண்ட் போய், டிஸ்க் வைத்த ஃப்ரிட்ஜ் சூடேறினால் முதலில் வீரியம் இழப்பவற்றில் இமிபெனெமும் ஒன்று. தரச் சோதனைக்கான ஏடிசிசி 25922 ஈ.கோலைக்கு அதன் வட்டம் 26–32 மி.மீ.க்குள் வராவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கி எறியுங்கள்.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு டிஸ்க்கை நம்பவே கூடாது. மூலக்கூறு பெரிது, அகரில் சரியாகப் பரவாது. அதே காரணத்தால் எம்ஐசி ஸ்ட்ரிப்பும் (மருந்தளவு படிப்படியாக ஏறும் பட்டை) உதவாது. 96 குழித் தட்டில், மருந்தைப் படிப்படியாக நீர்த்த பிராத்தில் (திரவ ஊடகம்) கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைலூஷன்தான் அடிப்படை முறை: கால்சியம், மக்னீசியம் சரிசெய்த பிராத், குழியில் மி.லி.க்கு 5 லட்சம் கிருமி, 16–20 மணி நேரம். கொலிஸ்டின் சல்ஃபேட் பவுடர்தான் எடுக்க வேண்டும். ஊசிக் குப்பியில் இருப்பது மீத்தேன்சல்ஃபோனேட், தானாகச் செயல்படாத வடிவம். ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்க்கக் கூடாது. ஸ்டாஃப் ஆரியஸுக்கு வான்கோமைசினும் எம்ஐசி பார்த்தே சொல்ல வேண்டும்; டிஸ்க் வட்டம் பிரித்துக் காட்டாது.

ஸ்ட்ரிப் எளிது, விலைதான் அதிகம். ஒன்றிரண்டு மருந்துக்கு எம்ஐசி தேவைப்படும்போது வாங்கலாம்.

மெஷின், கேஸ் குவியும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கட்டுப்படியாகும். அதிலும் கொலிஸ்டின் முடிவை மைக்ரோடைலூஷனில் உறுதி செய்த பிறகே ரிப்போர்ட்டில் ஏற்றுங்கள். அந்த வசதியில்லாத லேப், கொலிஸ்டின் கட்டத்தைக் காலியாக விட்டு, கிருமியை அகர் ஸ்லோப்பில் (சாய்வாக உறைய வைத்த அகர் குழாய்) ஏற்றி மதுரைக்கு அனுப்பிவிடலாம்.