ஏடிஎஸ் 1115: 6.144 என்ற எண்ணை நம்பி வயர் கொடுக்காதீர்கள்

மட்டக்களப்புப் படுவான்கரையில் மாமாவின் வயல் வாடியில், சோலார் பற்றரியின் வோல்டேஜை அளப்பது ஏடிஎஸ் 1115 என்ற சின்ன ஏடிசி போர்டு, அதாவது வோல்டேஜை எண்ணாக மாற்றித் தருவது. பெரும்போக மழை, சிறுபோக வெயில், பெட்டிக்குள் குடிவந்த எறும்பு எல்லாம் பார்த்துவிட்டது. இன்னும் ஒழுங்காக ஓடுகிறது. கூட இருப்பது, அந்த எண்ணை வாசிக்கிற ஈஎஸ்பி 32 என்ற கன்ட்ரோலர் போர்டு. அதற்குள்ளேயும் ஏடிசி உண்டுதான், ஆனால் ரேஞ்சின் இரண்டு ஓரங்களிலும் அதன் கணக்கு வளைந்துவிடும். அதனால்தான் தனி போர்டு.

16 பிட், நாலு சேனல். துல்லியத்தில் எனக்குக் குறையில்லை. ஆட்களைக் குழப்புவது ரேஞ்ச்தான். ±6.144 வோல்ட் முதல் ±0.256 வோல்ட் வரை ஆறு ரேஞ்ச் இருக்கிறது. விற்கிறவர்களும் '6 வோல்ட் வரை அளக்கும்' என்று போட்டுவிடுகிறார்கள். அளக்காது. 6.144 வெறும் அளவுகோல். வயர் கொடுக்கிற ஊசி (பின்) எவ்வளவு தாங்கும் என்பதைச் சிப்புக்குக் கொடுக்கும் சப்ளைதான் தீர்மானிக்கிறது: சப்ளைக்கு மேல் 0.3 வோல்ட், கிரவுண்டுக்குக் கீழ் 0.3 வோல்ட், அவ்வளவுதான். 3.3 வோல்ட்டில் ஓட்டினால் 3.6இல் ஆபத்து தொடங்கிவிடும். அந்த ± குறியும் இரண்டு ஊசிகளுக்கு இடையிலான வித்தியாசத்துக்குத்தான். தனி ஊசிக்கு மைனஸ் வோல்ட் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை.

ரேஞ்சைத் தாண்டினால் ரீடிங் 32767 என்ற உச்ச எண்ணில் முட்டி நிற்கும், சேதமில்லை. சப்ளையைத் தாண்டினால் சிப்பே போய்விடலாம். டிவைடர் (வோல்டேஜைப் பிரித்துக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்) போடும்போது இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

12 வோல்ட் பற்றரி சார்ஜ் ஆகும்போது 14.4 வரை ஏறும். ஆனால் பற்றரியைக் கழற்றினால், மலிவான சார்ஜ் கன்ட்ரோலர்களில் பேனலின் 22 வோல்ட் அப்படியே வந்துவிடலாம். 100கே, 22கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் போட்டால் 14.4க்கு 2.6 வோல்ட், பார்க்க அழகாக இருக்கும். 22 வந்தால் 3.97, 3.6 என்ற எல்லையைத் தாண்டிவிடும். நான் போட்டது 100கே, 15கே. 22 வந்தாலும் 2.87தான். ரேஞ்ச் ±2.048, அதாவது பற்றரிப் பக்கம் 15.70 வரை. ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட், பற்றரிக் கணக்கில் அரை மில்லிவோல்ட்கூட இல்லை.

ஒரு நாள் மதியம் மாமா பற்றரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டக் கழற்றியிருக்கிறார். உடனே போன்: "மருமகன், பற்றரியைக் கழட்டிப்போட்டன், இவன் 15.70 எண்டே நிக்கிறான்!" மீட்டர் பிடித்துப் பார்க்கச் சொன்னேன், 21 சொச்சம் காட்டியது. பற்றரியை மாட்டியதும் ரீடிங் பழையபடி இறங்கிவிட்டது.

இன்னொன்று: சிப் இயல்பாக ±2.048இல் தொடங்கும், ஆனால் இந்தச் சிப்பை ஓட்டப் பலரும் எடுக்கிற அடாஃப்ரூட் லைப்ரரி (தயார் கோடு) ±6.144இல் வைக்கும். ரேஞ்சைக் கோடில் நீங்களே எழுதிவிடுங்கள்.

போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்தால் தீராதா என்று கேட்பவர்களுக்கு: அதிலுள்ள புல்-அப் ரெசிஸ்டர்கள், இரண்டு போர்டும் பேசிக்கொள்ளும் ஐ2சி வயர்களையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும். ஈஎஸ்பி 32 ஊசிகள் 3.3க்கு மட்டும் செய்தவை. நடுவில் 5ஐ 3.3 ஆக மாற்றும் லெவல் ஷிஃப்டர் ஒன்று வாங்க வேண்டி வரும்.