மஸ்தர் நோட்டோடு 3 ஆண்டுகள்: பாரசீகம் கற்ற அனுபவம்

பாரசீகம் கற்கத் தொடங்கிய முதல் ஆறு மாதங்கள் ஒரு கைப்பேசிச் செயலியையே நம்பியிருந்தேன். அது வாக்கியங்களை ஒப்பிக்க வைத்ததே தவிர, வினை எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அதைக் கைவிட்டு, ஒரு நோட்டில் மஸ்தர்களை எழுதிப் பழகத் தொடங்கினேன்; 3 ஆண்டுகளாக அந்த நோட்டுதான் எனக்குத் துணை.

மஸ்தர் என்பது வினையின் பெயர் வடிவம். நம் எழுத்தில் எழுதினால் எல்லா மஸ்தரும் ‘தன்’ என்றே முடியும்: ரஃப்தன், தீதன், நெவெஷ்தன். இவற்றுக்குப் ‘போக, காண, எழுத’ என்று பொருள் கொண்டது என் முதல் பிழை. ‘போதல், காணுதல், எழுதுதல்’ என்பதே சரி. ஈரானில் ‘சீகார் கெஷீதன் மம்னூ’ என்று எழுதிவைப்பது, ‘புகைபிடித்தல் தடை’ என்னும் நம் பலகையின் அமைப்பேதான். ஆனால் ‘போக விரும்புகிறேன்’ என்பதற்கு ‘மீகாஹம் ரஃப்தன்’ என்று நான் பல மாதங்கள் தவறாகச் சொல்லிவந்தேன். ‘மீகாஹம் பெரவம்’ என்பதே இன்றைய வழக்கு. அங்கே மஸ்தருக்கு இடமில்லை, இரண்டு வினைகளும் தனித்தனியே தன்மை விகுதி ஏற்கின்றன.

மஸ்தரின் ஈற்றில் உள்ள ‘அன்’ நீங்கினால் இறந்தகால வினையடி கிடைக்கும்: ரஃப்த், அதனோடு ‘அம்’ சேர்ந்தால் ரஃப்தம், அதாவது போனேன். நிகழ்கால வினையடி அவ்வளவு எளிதில் பிடிபடாது. தீதனுக்குப் ‘பீன்’, கோஃப்தனுக்கு (சொல்லுதல்) ‘கூ’ என்று தனியே மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஆகவே இரண்டு அடிகளையும் ஒரே வரியில் எழுதினேன். ஒருநாள் ‘பஸ்தன் (கட்டுதல்): பஸ்த், பந்த்’ என்று எழுதிவிட்டு அப்படியே நின்றேன். நாம் அன்றாடம் சொல்லும் ‘பந்தோபஸ்து’ அந்த இரண்டு அடிகளும் ‘ஒ’ என்னும் இணைப்பால் சேர்ந்த சொல்! உரையாடல் என்று பொருள்படும் ‘கோஃப்தொகூ’வும் அப்படிப் பிறந்ததே. அதன்பின் வினையடிகள் எனக்குச் சுமையாகத் தோன்றவில்லை.

வாக்கிய அமைப்பு தமிழருக்குப் பழகியதுதான்: எழுவாய், செயப்படுபொருள், இறுதியில் வினை. ‘ரா’ என்னும் உருபு நம் ‘ஐ’ போலவே இயங்குகிறது. ‘நாமெ நெவெஷ்தம்’ என்றால் கடிதம் எழுதினேன், ‘நாமெ ரா நெவெஷ்தம்’ என்றால் குறிப்பிட்ட அந்தக் கடிதத்தை எழுதினேன். பெயரடை மட்டும் பெயருக்குப் பின்னால் வரும். அது பழக எனக்குச் சில வாரங்கள் ஆயின.

இந்த முறையின் உண்மையான குறை பேச்சுவழக்கில்தான் தெரிந்தது. தெஹ்ரான்காரர்கள் ‘மீரவம்’ (போகிறேன்) என்பதை ‘மீரம்’ என்கிறார்கள். ‘ரா’ அவர்கள் வாயில் ‘ரோ’ என்றோ வெறும் ‘ஓ’ என்றோ தேய்ந்துவிடுகிறது. என் நோட்டை மட்டும் படித்திருந்த நான், அவர்கள் பேசியதில் பாதியைத் தவறவிட்டேன். இப்போது ஒவ்வொரு வரியிலும் பேச்சு வடிவத்துக்கென ஒரு கட்டம் சேர்த்து வருகிறேன். இதுவரை 60 வினைகள் முடிந்திருக்கின்றன.