தரமணியா, ராய்துர்கமா, களமசேரியா? முதல் தடவை போகிறவருக்கு ஓர் ஒப்பீடு

ஸ்டார்ட்அப் தொடங்கும் எண்ணத்தோடு "ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்று கிளம்புகிறவர்களுக்குத் தென்னிந்தியாவில் இப்போது இடத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் தரமணி, ஹைதராபாத்தில் ராய்துர்கம், கொச்சி பக்கம் களமசேரி. எல்லா இடத்திலும் வாசலில் 'இன்னோவேஷன்' என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளே கிடைப்பதுதான் வேறு வேறு. ஓர் இடத்தில் நாற்காலி, இன்னோர் இடத்தில் பேராசிரியர், மற்றொன்றில் மெஷின். தனக்கு இவற்றில் எது இல்லை என்று தெரிந்துகொண்டு போகிறவருக்குத்தான் அந்தப் பயணத்தால் லாபம். மற்றவர்களுக்கு நல்ல காபியும் நாலு போட்டோவும் கிடைக்கும்.

நாற்காலி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சென்னையில் கிண்டியிலும் ஓஎம்ஆரிலும் இருக்கிற தனியார் கோவொர்க்கிங் இடங்களில் (பல கம்பெனிக்காரர்கள் மேஜையை வாடகைக்கு எடுக்கும் பொது அலுவலகங்களில்) யாரும் உங்கள் யோசனையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். ஒரு நாளைக்கான டே பாஸ் வாங்கினால் ஏசி, வைஃபை, சார்ஜ் போட பிளக், காபி. மீட்டிங் ரூமுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. வீட்டில் குழந்தை சத்தம், பவர்கட் என்று தவிக்கும் சாஃப்ட்வேர்காரருக்கு இதுவே போதும். கம்பெனியைப் பதிவு செய்ய முகவரி வேண்டுமென்றாலும் இங்கேயே வாங்கலாம். பக்கத்து மேஜைக்காரர் உங்களுக்கு வழிகாட்டுவார் என்ற விளம்பரத்தை மட்டும் நம்பவேண்டாம். அவர் காதில் ஹெட்போன் இருக்கும்.

தரமணி கானகம் சாலையில் இருக்கும் ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க் இதற்கு நேர் எதிர். 2010-இல் செயல்படத் தொடங்கியது. ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒட்டி அமைந்த ஆராய்ச்சிப் பூங்காக்களில் இந்தியாவில் இதுதான் முதல். சுமார் 12 லட்சம் சதுர அடி. இங்கே வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. மாணவர்களை வேலையில் சேர்த்துக்கொள்வது, ஆராய்ச்சிக்குப் பணம் தருவது, பேராசிரியர்களிடம் ஆலோசனை பெறுவது என்று ஐஐடியோடு செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் 'கிரெடிட்' என்ற புள்ளி உண்டு. உள்ளே இருக்கும் கம்பெனிகள் அதைச் சேர்த்தாக வேண்டும். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று உருவாக்கிய இந்த இடத்தின் சூட்சுமமே இந்த ஏற்பாடுதான். இது இல்லாவிட்டால் ரிசர்ச் பார்க் இன்னொரு ஐடி கட்டடமாகத்தான் இருந்திருக்கும்.

அதற்குப் பலனும் இருக்கிறது. ஏத்தர் ஸ்கூட்டர் ஐஐடியின் இன்குபேஷனில், அதாவது புதுக் கம்பெனிகளுக்கு இடமும் உதவியும் தந்து வளர்க்கும் ஏற்பாட்டில், வளர்ந்ததுதான். அக்னிகுல் தன் ராக்கெட் எஞ்சின் தொழிற்சாலையை 2022-இல் இந்தப் பார்க்குக்குள்ளேயே திறந்தது. ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அவர்கள் ராக்கெட் பறந்தது. ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு இங்கே பார்க்க ஒன்றுமில்லை. ரிசப்ஷனில் "யாரைப் பார்க்கணும்?" என்பார்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். பேட்டரி சூடாகிறது, சென்சார் தவறாகக் காட்டுகிறது என்று குறிப்பான ஒரு தொழில்நுட்பக் கேள்வி இருந்து, அந்தத் துறைக்காரருக்கு முன்கூட்டியே மெயில் அனுப்பிவிட்டுப் போனால் கதை வேறு.

வேடிக்கை பார்க்கவே கட்டியது மாதிரி இருப்பது ஹைதராபாத் டி-ஹப் என்ற ஸ்டார்ட்அப் மையம். 2015 நவம்பரில் கச்சிபவுலியில், ஐஐஐடி என்ற கல்வி நிறுவனத்தின் வளாகத்தில் தொடங்கியது. 2022 ஜூனில் ராய்துர்கம் பக்கம் ஐந்தரை லட்சம் சதுர அடிக்கு மேல் இருக்கும் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. ராய்துர்க் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். டெமோ டே (கம்பெனிகள் தங்கள் பொருளைக் காட்டும் நாள்), முதலீட்டாளர் சந்திப்பு, வெளிநாட்டுத் தூதுக்குழு என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். வாடிக்கையாளரோ முதலீட்டாளரோ தேவைப்படும் கட்டத்தில் இருப்பவருக்கு இந்தக் கூட்டம் உண்மையிலேயே பயன். பொருளே இன்னும் உருவாகாதவருக்கு பிட்ச் (யோசனையை முதலீட்டாளரிடம் விற்கும் பேச்சு) பேசப் பழகிவிடுகிற ஆபத்தும் இதே கூட்டத்தில்தான் இருக்கிறது.

அதனால் ஹைதராபாத் போகிறவர்களிடம் நான் சொல்வது, டி-ஹப்புக்கு அரை மணி, பக்கத்திலிருக்கும் டி-வொர்க்ஸுக்கு மீதி நாள். தெலங்கானா அரசின் இந்தப் ப்ரோட்டோடைப் (மாதிரிப் பொருள் செய்யும்) கூடம் 2023 மார்ச்சில் 78,000 சதுர அடியில் திறந்தது. சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் வெட்டும் மெஷின்), லேசர் கட்டிங், வெல்டிங், மரவேலை, எலக்ட்ரானிக்ஸ் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். டிசைன் ஃபைலோடு போனால் அங்குள்ள பொறியாளர் அதைப் பார்த்த உடனே, "இந்த மூலை இப்படி இருந்தா டூல் உள்ளே போகாதுங்க" என்கிற மாதிரி ஏதாவது சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ரயில் ஏறலாம்.

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கத்து ஆட்களுக்கு ஹைதராபாத்தை விட கொச்சி பக்கத்துக் களமசேரி கிட்டே. ரயிலில் ஆலுவா இறங்கி, மெட்ரோவில் களமசேரி, பிறகு ஆட்டோ. அங்கே கின்ஃப்ரா ஹைடெக் பார்க் என்ற தொழிற்பூங்காவில், கேரள அரசு அமைப்பான கேரளா ஸ்டார்ட்அப் மிஷனின் வளாகம் 2019 ஜனவரியில் திறந்தது, 1.8 லட்சம் சதுர அடி. டி-ஹப்போடு வைத்துப் பார்த்தால் சிறிசு, பளபளப்பும் குறைவு. அங்கிருக்கும் மேக்கர் வில்லேஜ் எலக்ட்ரானிக்ஸ் ஹார்டுவேருக்கென்றே அமைந்த இன்குபேட்டர். கூடவே மாதிரிகளைச் செய்து பார்க்க மெஷின்கள் உள்ள ஃபேப் லேபும் உண்டு. தண்ணீருக்கடியில் போய்ப் படமெடுக்கும் ட்ரோன் செய்த ஐரோவ் இங்கே வளர்ந்த கம்பெனிதான். துறைமுகமும் கடற்படை ஆய்வகமும் இருக்கிற ஊரில் அதற்கு வாடிக்கையாளரைத் தேடி ரொம்ப தூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஒரு ஊருக்குப் போகும்போது அந்த ஊரில் யார் காசு கொடுத்து வாங்குவார் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

டி-வொர்க்ஸா களமசேரியா என்றால், மெஷின்களின் வகையில் டி-வொர்க்ஸ் பக்கம்தான் தராசு சாயும். மாதக்கணக்கில் தங்கி சர்க்யூட்டைத் திருத்தித் திருத்திச் செய்யவேண்டிய வேலைக்கு என் ஓட்டு களமசேரிக்கு. சுற்றி இருப்பவர்களும் அதே வேலையில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பதால் கேட்டால் பதில் வரும். வெறும் இரண்டு அடுக்கு பிசிபி (சர்க்யூட் போர்டு) பத்து பீஸ்தான் தேவை என்றால் இரண்டு ஊருக்கும் டிக்கெட் போடவேண்டாம். போர்டின் வடிவமைப்பு இருக்கும் கெர்பர் ஃபைலை ஆன்லைனில் அனுப்பினால் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும்.