ஆர்க்டிக் கடல்பனிக்கு 'சார்க்டிக்' வரைபடம்

கொலராடோவிலுள்ள அமெரிக்க தேசியப் பனித் தரவு மையம் இலவசமாகத் தரும் 'சார்க்டிக்' என்ற இந்த இணையக் கோட்டு வரைபடத்துக்கு ஈடாக, கடல்பனியைத் தினமும் கவனிக்க வேறொன்றைச் சொல்வது கடினம். ஆண்டைத் தட்டினால், அந்த ஆண்டில் பனிப்பரப்பு நாள்தோறும் எவ்வளவு இருந்தது என்று காட்டும் கோடு வந்துவிடும். 2012-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த செப்டம்பர் 17-இல் பனி 33.9 லட்சம் சதுர கி.மீ.க்குச் சுருங்கியது, இன்றைய கோட்டை ஒப்பிட அதுவே நல்ல அளவுகோல்.

ஒன்றைப் புரிந்துகொண்டு பாருங்கள். செயற்கைக்கோளின் மைக்ரோவேவ் பதிவில், சுமார் 25 கி.மீ. கட்டத்தில் 15 சதவீதம் பனி இருந்தாலே முழுக் கட்டமும் கணக்கில் சேரும். அதனால் வரும் எண் உண்மையான பனியின் பரப்பைவிடப் பெரியது. கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீரைக் கருவி திறந்த கடலாக எடுத்துக்கொள்ளும். அதனால் பனிச்செறிவு, அதாவது கட்டத்தில் பனி மூடிய பங்கு, குறைவாகத் தெரியும். கோடு ஐந்து நாள் சராசரி என்பதால், ஒருநாள் சரிவைப் பார்த்துப் பதற வேண்டாம்.

தரவைத் தரவிறக்குவோர் கவனத்துக்கு: 1987 டிசம்பர் தொடக்கம் முதல் 1988 ஜனவரி நடுப்பகுதிவரை பதிவே இல்லை. அந்த இடைவெளியைப் பூஜ்யமாக நிரப்பினால் சராசரி கெட்டுவிடும்.

கப்பல் பயணத்துக்கு இது உதவாது. நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்ட் பக்கம் போவோர் நார்வே வானிலை நிறுவனத்தின் பனி வரைபடத்தையே பார்க்க வேண்டும்.